பதினாலாவது உறை

ஏழாயிரம்பண்ணை
16.2.2025

என் கூடப்பிறந்த பிரபாகரனுக்கு, அக்கா மாரிசெல்வி எழுதுறது.

நான் இருக்கேன். உன் மச்சானும் இருக்காக. நீ அங்கன நேரத்துக்குச் சாப்பிடுதியா? பாளையங்கோட்டைத் தண்ணி உடம்புக்கு ஒத்துக்கிடுச்சா?

நீ உள்ள போயி மூணு மாசம் ஆகுது. உன் வீட்டுக்காரி சண்முகத்தாய் மனுப் போட்டு உன்னைப் பாக்க வரும்போதெல்லாம், "மதினி, நீங்களும் வாங்க"ன்னு கூப்பிடுதா. வர முடியல. போன்ல பேசலாம்னா உன் குரலக் கேட்டதும் நான் அழுதுருவேன். செயில்ல கொடுக்குற அஞ்சு நிமிசமும் அதுலயே போயிரும். அதான் எழுதுதேன். எட்டாம் வகுப்புக்குப் பெறகு இம்புட்டு நீளமா எழுதுறது இதான் மொதத் தடவை. தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ.

நான் எழுதுறது உன் மச்சானுக்குத் தெரியாது. தீர்ப்பு வந்த அன்னைக்கு, "ஆறு உசுருக்குப் பதினெட்டு மாசம்தானா"ன்னு கேட்டாக. அதோட சரி, அவுக வாயில உன் பேரே வாரதில்ல. காலையில ஆறு மணிக்கு ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்குப் போனா பொழுது சாயத்தான் வாராக. நீ பதில் போட்டா அடுத்த வீட்டுச் செல்லக்கனி மதினி பேருக்குப் போடு.

நான் இன்னும் முத்தத்துலதான் படுக்கேன். கதவு வச்ச ரூமுக்குள்ள போனா மூச்சு முட்டுது. அடுப்பையும் வெளிய கொண்டாந்து வச்சுட்டேன். பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது காதப் பொத்திக்கிடுதேன். நாலு வருசம் ஆகப்போகுது, இன்னும் இப்படித்தான்.

பிள்ளையப் பத்தி எழுதணும்னு உக்காந்தேன். பேனா ஓடல.

உடம்பப் பாத்துக்கோ.
அக்கா மாரிசெல்வி


பாளையங்கோட்டை
9.3.2025

அன்பு அக்காவுக்கு, தம்பி பிரபாகரன்.

உன் கடிதம் கிடைச்சது. நான் நல்லா இருக்கேன். சோறு பரவாயில்லை. தறி வேலைக்குப் போட்டிருக்காங்க, பழகிட்டேன். நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லை.

மச்சானுக்கு முட்டிவலி இருந்துச்சே, இப்ப எப்படி இருக்காக? வெயிலு ஏறுது, முத்தத்துல படுத்தா பூச்சி பொட்டு வரும், கட்டில் போட்டுப் படு. சண்முகத்தாய் பிள்ளைகளோட சாத்தூர்ல அவ அம்மா வீட்டுல இருக்கா. முடிஞ்சா ஒருதரம் போய்ப் பாரு.

இங்க வாற கடிதம், போற கடிதம் எல்லாத்தையும் அதிகாரிங்க வாசிச்சுத்தான் விடுவாங்க. பாத்து எழுது.

வேற விசேசம் இல்லை.

தம்பி
பிரபாகரன்


ஏழாயிரம்பண்ணை
6.4.2025

தம்பி பிரபாகரனுக்கு அக்கா எழுதுறது.

உன் கடிதத்த நாலு தடவை படிச்சேன். மச்சானுக்கு முட்டிவலி கொறைஞ்சிருக்கு. போன வாரம் சாத்தூருக்குப் போயி உன் பிள்ளைகளப் பாத்துட்டு வந்தேன். சின்னது உன்னய மாதிரியே நெத்தியச் சுருக்குது.

ஒரு சங்கதி சொல்லணும். நான் வேலைக்குப் போறேன். கம்பெனிக்கு இல்ல. பங்குனி பொறந்ததும் செல்லக்கனி மதினி வந்து, "ஒரு வேலை இருக்கு. கூரை கிடையாது, கதவு கிடையாது, வெட்டவெளி. வாரியா?"ன்னு கேட்டா. ஆத்துக்கரையில ஓட்டாஞ்சில்லாக் கிடக்குமே, அந்த மேட்டத் தொல்லியல் துறைக்காரங்க தோண்டுதாங்க. நம்ம ஊருல இருந்து இருபது பேரு போறோம்.

வெட்டுறதுன்னா மம்பட்டி போட்டு வெட்டுறது இல்ல தம்பி. சதுரம் சதுரமா நூல் கட்டியிருக்காங்க. சின்னக் கரண்டி ஒண்ணு தருவாங்க, அதால மண்ணச் சீவணும். ஏதாவது தட்டுப்பட்டா கரண்டிய வச்சுட்டுப் பிரஷ் எடுக்கணும். எடுத்த மண்ணையெல்லாம் சல்லடையில சலிக்கணும். மொத நாளு எனக்குக் கரண்டி பிடிபடல. ரெண்டாவது நாளே கை தானாப் போகுது. அங்க யோகேஸ்வரின்னு ஒரு மேடம், விருதுநகர்க்காரப் பிள்ளை, முப்பது வயசு இருக்கும். என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு.

"புதுசா வாறவங்க எல்லாரும் நாலஞ்ச ஒடைச்சுத்தான் பழகுவாங்க. உங்க கையில ஒண்ணுகூட ஒடையலியே அக்கா, எப்படி?"

"பதினாறு வருசம் பூச்சட்டிக்கு மருந்து நெறச்ச கை மேடம். தட்டக்கூடாது, ஒரசக்கூடாது, அவசரப்படக்கூடாது. அப்படியே பழகிப்போச்சு"ன்னேன்.

நேத்து என் சல்லடையில சங்கு வளையல் துண்டு ஒண்ணு வந்துச்சு. சுண்டுவிரல் நீளம்தான். மேல கோடு கோடா இழைச்சிருக்கு. எம்புட்டுக் காலம்னு கேட்டேன். "சோதிச்சாத்தான் சரியாச் சொல்ல முடியும், ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்கலாம்"னாங்க. அப்படியே உக்காந்துட்டேன். இதப் போட்டிருந்த கை சோறு பொங்கியிருக்கும், பிள்ளையத் தூக்கியிருக்கும். எனக்கு நாலு வருசமே தாண்ட முடியாத மலையா நிக்குது. இங்கன ரெண்டாயிரம் வருசம் நாலடி மண்ணுக்குள்ள சத்தம் இல்லாமப் படுத்திருக்கு.

இன்னொண்ணு கேக்கணும். கோர்ட்டுல ஜட்ஜ் ஐயா கேட்டப்போ, "சீசன்ல ஆள் பத்தல, என் அக்கா மக பிரீத்திகாவ நான்தான் வரச்சொன்னேன்"னு நீ சொன்ன. நான் பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்குக் காலையில அவ கம்பெனிக்கு வந்தப்போ உன்கிட்ட என்ன சொன்னா? எனக்குத் தெரியணும்.

வெயிலுக்கு நெறையத் தண்ணி குடி.

அக்கா


ஏழாயிரம்பண்ணை
11.5.2025

தம்பிக்கு அக்கா எழுதுறது.

ஒரு மாசமா உன்கிட்ட இருந்து பதில் இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு சண்முகத்தாய்கிட்ட கேட்டேன், நல்லாத்தான் இருக்காருன்னா. சரி, நீ பதில் போடலேன்னாலும் நான் எழுதுவேன். இதை யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு தாங்காது.

போன செவ்வாக்கிழமை நானும் செல்லக்கனி மதினியும் எங்க குழியில மண்ணச் சீவிக்கிட்டு இருந்தோம். கருத்த மண்ணுல செவப்பா ஒரு கோடு வந்துச்சு. வளைஞ்சு வளைஞ்சு போச்சு. பானை வாயின்னு நெனச்சோம். சீவச் சீவ அகலமாகுது. பானைன்னா இம்புட்டுப் பெருசா இருக்காதேன்னு மதினி சொல்லுதா. மத்தியானத்துக்குள்ள முழு வட்டமும் வந்திருச்சு. ரெண்டரை அடி இருக்கும். நாம இப்ப கெணத்துக்குச் சிமெண்டு உறை எறக்குதோம்ல, அதே மாதிரி, ஆனா சுட்ட மண்ணுல செஞ்ச உறை. அதுக்குக் கீழ இன்னொண்ணு. அதுக்கும் கீழ இன்னொண்ணு.

யோகேஸ்வரி மேடம் முட்டி போட்டு உக்காந்து, "உறைகிணறு"ன்னு மெதுவாச் சொல்லிச்சு. அம்புட்டுப் பேரும் வந்து சுத்தி நின்னோம். செருப்போட நின்ன நான் என்னய அறியாமச் செருப்பக் கழத்தியிருக்கேன். திரும்பிப் பாத்தா எல்லாரும் கழத்தியிருக்காங்க. யாரும் சொல்லல.

இந்த வறண்ட காட்டுல, இங்கன தோண்டுனா தண்ணி வரும்னு எவனோ ஒருத்தன் நின்ன எடத்துலதான் நாங்க நிக்கோம். எத்தனை உறை இருக்குன்னு இன்னும் தெரியாது.

அக்கா


பாளையங்கோட்டை
1.6.2025

அக்காவுக்கு,

ரெண்டு கடிதமும் கிடைச்சது. பதில் எழுத உக்காந்து உக்காந்து கிழிச்சுப் போட்டேன். கோவிச்சுக்கிடாத.

உறைகிணறு பத்தி நீ எழுதினதப் பக்கத்துத் தறியில இருக்குற ரத்தினசாமி அண்ணாச்சிகிட்ட சொன்னேன். அவரு உள்ள வந்து பத்தொம்பது வருசம் ஆகுது. ஊர்ல கெணறு வெட்டுறவரா இருந்தவரு. "கடிதத்த வாசிச்சுக் காட்டுலே"ன்னாரு. நான் வாசிக்க வாசிக்க தறிக்கூடத்துல இருந்த எல்லாரும் வந்துட்டாங்க. செருப்பக் கழத்தினீங்கன்னு எழுதியிருந்த இடத்துல அண்ணாச்சி கண்ணத் தொடச்சாரு. அவரு கேட்டதை எழுதுதேன், அந்த மேடத்துகிட்ட கேட்டுச் சொல்லு. உறைய மேல செஞ்சு எறக்கினாங்களா, உள்ளயே வச்சுக் கட்டினாங்களா? ரெண்டு உறைக்கு நடுவுல என்ன பூசியிருக்கு? எந்த உறையில மணல் வருது? இப்ப தெனமும் தறியில உக்காந்ததும், "உன் அக்கா எத்தனாவது உறையில நிக்கா?"ன்னு கேக்காரு.

நீ கேட்டதுக்கு இங்க இருந்து பதில் எழுத முடியாது அக்கா. கோர்ட்டுல சொன்னது சொன்னதுதான். அதோட விட்ரு.

மச்சானையும் உன்னையும் நெனைக்காத நாள் இல்லை.

தம்பி
பிரபாகரன்


ஏழாயிரம்பண்ணை
29.6.2025

தம்பி பிரபாகரனுக்கு,

நீ சொகமா இருக்கியா, ரத்தினசாமி அண்ணாச்சி சொகமா இருக்காகளா? அண்ணாச்சிகிட்ட சொல்லு, உறைய மேலதான் சுட்டிருக்காங்க, ஒண்ணொண்ணா எறக்கி நடுவுல களிமண்ணு பூசியிருக்காங்க. இதை மேடத்துகிட்ட கேட்டுச் சொல்லல. நானே உள்ள எறங்கிப் பாத்துட்டுச் சொல்லுதேன்.

ஆமா, எறங்கினேன்.

அஞ்சு உறை வரைக்கும் வெளியில இருந்தே மண்ண எடுத்தோம். அதுக்குக் கீழ குனிஞ்சா கை எட்டல. உறைய ஒடைக்கவும் கூடாது. ஒல்லியான ஆளு, மெல்லிய கை வேணும்னாங்க. மேடம் என்னயப் பாத்துச்சு, பெறகு வேற பக்கம் பாத்துச்சு. செல்லக்கனி மதினி என் கதைய அதுகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கா.

"உங்களுக்கு முடியாதுன்னா வேண்டாம் அக்கா"ன்னுச்சு.

முடியாதுன்னுதான் சொல்ல வந்தேன். வாயில, "சரி மேடம்"னு வந்திருச்சு.

இடுப்புல கயிறு கட்டினாங்க. தலைக்குத் தொப்பி. மேல ஒரு பேன் வச்சுக் காத்த உள்ள அடிச்சாங்க. மொத உறை தலைக்கு மேல போனதும் மூச்சு நின்னுருச்சு. சுத்திச் சுவரு. மேல வட்டமா கொஞ்சம் வானம். அன்னைக்கு ஓடிப்போயிப் பாத்த அந்த பட்டாசு செட்டு, பொகை, சத்தம், எல்லாம் வந்து என் மேல விழுந்துச்சு. கயித்த ஆட்டித் தூக்கச் சொல்லலாம்னு கையத் தூக்கினேன். பிடிமானத்துக்கு எதுக்க இருந்த உறையத் தொட்டேன். உள் பக்கம் வழுவழுன்னு இல்ல தம்பி. பள்ளம் பள்ளமா இருக்கு. கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா விரல் தடம். பச்சை மண்ணா இருக்கும்போது அழுத்தித் தேச்சிருக்காங்க. நாலு விரல் வரிசையா, கீழ ஒரு கட்டைவிரல். ரேகைகூட அழியல.

என் கட்டைவிரல அதுல வச்சேன். அப்படியே உக்காந்துச்சு. பொம்பள கைதான் அது. என் கையளவுதான்.

எம்புட்டு நேரம் அப்படி நின்னேன்னு தெரியல. மேல இருந்து மேடம் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. அந்தப் பொம்பளைக்கும் பிள்ளை இருந்திருக்கும். செத்தும் போயிருக்கலாம், யாருக்குத் தெரியும்? அடுத்த நாளு அவ வந்து மண்ணக் கொழைச்சிருக்கா. அவ பேரு தெரியாது, பாசை தெரியாது, அவ விரல் மட்டும் என் விரலுக்கு அடியில இருக்கு. அங்கன நின்னு, "பிரீத்திகா"ன்னு சொன்னேன். நாலு வருசத்துல அந்தப் பேர வாய்விட்டுச் சொன்னது அப்பதான். கெணத்துக்குள்ள சுத்திச் சுத்தி, யாரோ திருப்பிச் சொல்ற மாதிரிக் கேட்டுச்சு.

கயித்த ஆட்டல. கூடைய எறக்கச் சொன்னேன். மண்ண அள்ளினேன். இப்ப ஒம்பதாவது உறையில நிக்கேன்.

உன்கிட்ட கேட்டத மறுபடியும் கேக்கேன். யாரு வாசிச்சாலும் வாசிக்கட்டும். சொல்லு.

அக்கா


பாளையங்கோட்டை
20.7.2025

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்த வாசிக்கிற அதிகாரி ஐயா வாசிக்கட்டும். கெணத்துக்குள்ள எறங்கின ஆளுகிட்ட மறைக்க எனக்கு மனசு வரல.

அன்னைக்கு சனிக்கிழமை. காலேஜ் லீவு. ஏழே முக்காலுக்கு வேன்ல இருந்து பிள்ள எறங்கினா. மச்சான், "என் மக பட்டாசுக் கம்பெனி வாசல மிதிக்கக்கூடாது"ன்னு சொன்னது ஊருக்கே தெரியும்.

"நீ எதுக்கு இங்கன வந்த?"ன்னு கேட்டேன்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் மாமா. சீசன்ல ஒருநாள் போகலேன்னா எடத்த வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்கன்னு பொலம்புனாங்க. வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாங்க, நான்தான் கேக்காம வந்துட்டேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க"ன்னா.

அவள நான் திருப்பி அனுப்பியிருக்கணும். ஆள் பத்தல, வடக்க போற லோடுக்கு ஆர்டர் நெருக்குது. "வேப்பமரத்தடியில உக்காந்து லேபிள் ஒட்டு, மதியம் போயிரு"ன்னேன். மூணு மணி நேரம் அந்த மரத்தடி ஒரே சிரிப்பு. என்னயத் தாண்டிப் போறவங்க எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குன்னு புரியல. பதினொண்ணரைக்கு அவளுக்கு லேபிள் தீந்துபோயிருக்கு. என்னயத் தேடி செட்டுப் பக்கம் போயிருக்கா. நான் கேட்டுல லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன். அப்பதான் மருந்து ரூமு வெடிச்சது.

போலீஸ் ஸ்டேசன்ல சட்டையக் கழத்தச் சொன்னப்போதான் பாத்தேன். என் முதுகுல ஒரு பூச்சட்டி லேபிள ஒட்டி விட்டிருக்கா.

உனக்குப் பதிலாத்தான் அவ வந்தான்னு மச்சானுக்குத் தெரிஞ்சா உங்க ரெண்டு பேருக்கும் வாழ்க்கை இல்லைன்னு நெனச்சேன். அதான் நான் கூப்பிட்டேன்னு சொன்னேன். ஆனா உன்னயக் காப்பாத்துறதுக்காக மட்டும் நான் உள்ள இருக்கேன்னு நெனைக்காத. அன்னைக்கு அந்த ரூமுல இருக்க வேண்டிய அளவுக்கு மேல மருந்து இருந்துச்சு. போர்மேன் நான். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். ஆறு பேருக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

தம்பி
பிரபாகரன்


பாளையங்கோட்டை
7.9.2025

அக்காவுக்கு,

நீயும் மச்சானும் எப்படி இருக்கீக? ஒன்றரை மாசம் ஆச்சு, கடிதம் இல்லை. எழுதினது தப்போன்னு தெனமும் நெனைக்கேன். ரத்தினசாமி அண்ணாச்சி கேக்குறத நிப்பாட்டிட்டாரு, என் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிடுதாரு.

தண்டனைக் கழிவு எல்லாம் போக டிசம்பர் பதினஞ்சு என்னய விடுறாங்க. ஊருக்கு வர மாட்டேன் அக்கா. செத்த அஞ்சு பேரு வீடும் அந்தத் தெருவுலதான் இருக்கு, ஆறாவது உன் வீடு. திருப்பூர்ல தறி வேலைக்குப் போயிருவோம்னு சண்முகத்தாய்கிட்ட சொல்லிட்டேன். நீ என்னயத் தேட வேண்டாம்.

தம்பி


ஏழாயிரம்பண்ணை
26.10.2025

தம்பி பிரபாகரனுக்கு, அக்கா எழுதுறது.

தீபாவளிக்கு உங்களுக்கு அங்க இனிப்பு கொடுத்தாகளா? இங்க நாங்க ரெண்டு பேரும் உடம்புக்கு நல்லா இருக்கோம். ரெண்டு பேரும்னு எழுதியிருக்கேன் பாத்தியா.

உன் ஜூலை மாசக் கடிதத்த நான் மடியிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அவ உன்கிட்ட சொன்னது பொய் தம்பி. நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல. பாயில படுத்துக்கிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வாயேன், மாமாதான இருக்கான்"னு நான்தான் சொன்னேன். என் மேல பழி வரக்கூடாதுன்னு பத்தொம்பது வயசுப் பிள்ள வேன்ல வரும்போதே ஒரு பொய்ய யோசிச்சு வச்சிருக்கா. பெறகு எனக்காக நீ ஒரு பொய் சொல்லியிருக்க. ரெண்டுக்கும் நடுவுல நான் வாயத் தொறக்காம உக்காந்திருந்திருக்கேன்.

செப்டம்பர் பதினெட்டு பிள்ளைக்கு நாலாவது வருசம். படத்துக்கு மாலை போட்டுட்டு உன் மச்சான், "அவன் மட்டும் கூப்பிடாம இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சாக.

"அவன் கூப்பிடல. நான்தான் போகச்சொன்னேன்"னேன்.

அடிக்கல. ஏசல. சட்டைய மாட்டிக்கிட்டு ஆலங்குளத்துக்குப் போயிட்டாக. கூட வேலை பாக்குறவரு ரூமுல தங்கிக்கிட்டாக. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, இருபத்தி மூணு நாள். இனி வர மாட்டாகன்னு நெனச்சேன். நான் தெனமும் மேட்டுக்குப் போனேன். போக வேற எடம் இல்ல.

அக்டோபர் மொத வாரம் மழை பிடிச்சிருச்சு. குழியெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடினோம். பதினோராம் தேதி மழை விட்டு வெறிச்சது. உறை ஏதாவது நகண்டிருக்கான்னு பாக்க என்னய எறக்கினாங்க. பதினாலாவதுதான் கடைசி உறை. அதுக்குக் கீழ ஆத்து மணல். அங்கன காலு வச்சதும் சில்லுன்னு இருந்துச்சு. மழைத்தண்ணி தேங்கியிருக்குன்னுதான் நெனச்சேன். குனிஞ்சு பாக்கேன், காலடியில மணல் துடிக்குது. சின்னச் சின்னதா அஞ்சாறு எடத்துல. மணலத் தள்ளிக்கிட்டுத் தண்ணி மேல வருது. கலங்கல் இல்ல, கண்ணாடி மாதிரித் தண்ணி. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே கணுக்கால் மூடிருச்சு.

"மேடம், ஊத்து!"ன்னு கத்தினேன்.

மேல ஒரே ஓட்டம். வட்டத்தச் சுத்தித் தலை தலையாத் தெரியுது. மேடம் அழுதுக்கிட்டே, "குடிச்சிராதீங்க அக்கா, சோதிக்கணும்"னு கத்துது. நான் ரெண்டு கையாலயும் அள்ளி மூஞ்சியில விட்டுக்கிட்டேன். எத்தனை ராசா வந்து போயிருப்பான், எத்தனை பஞ்சம் வந்திருக்கும். வாய மண்ணு மூடிக் கிடந்தாலும் அது கீழ வாறது வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. தெறந்ததும் குடுக்குது. கும்பிடணும்னு தோணுச்சு, யாரக் கும்பிடன்னு தெரியல.

தலை தூக்கிப் பாத்தேன். அத்தனை தலைக்கு நடுவுல உன் மச்சான் தலை.

அன்னைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வீட்டுக்கு வந்திருக்காக. நான் இல்லேன்னதும் நேரா மேட்டுக்கு வந்துட்டாக. குப்புறப் படுத்துக் கழுத்த நீட்டிப் பாத்தாக. "எம்மா"ன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். என்னயத் தூக்கினதும் இடுப்புக் கயித்து முடிச்ச அவுகதான் அவுத்தாக. ஈர முடிச்சு, வரல. பல்லால கடிச்சு அவுத்தாக.

"இதுக்குள்ளயா எறங்கின? நீயா?"

"நாலு மாசமா எறங்குதேன்."

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி தூரத்துல நின்னாக. பெறகு கேட்டாக.

"அன்னைக்குக் காய்ச்சல் எம்புட்டு இருந்துச்சு?"

"நூத்தி மூணு."

"காலையில நான் கெளம்பும்போது சுருண்டு படுத்திருந்ததப் பாத்தேன். வேலைக்கு நேரமாச்சுன்னு என்ன ஏதுன்னு கேக்காமப் போயிட்டேன். கேட்டிருந்தா நான் லீவு போட்டிருப்பேன். நீ அனுப்பியிருக்க மாட்ட."

"நானும் சொல்லல."

"நானும் கேக்கலல்ல"ன்னாக. ரோட்டோரத்துல உக்காந்து அழுதாக. நானும் பக்கத்துல உக்காந்தேன். பஸ்சு ரெண்டு போச்சு, ஏறல.

வேலை இந்த வருசத்துக்கு முடிஞ்சிருச்சு. எடுத்த சில்லையெல்லாம் கழுவி, பிரிச்சு, எண் எழுதி வைக்க ஆறு பேர மட்டும் நிப்பாட்டியிருக்காங்க. அதுல நான் ஒருத்தி. ரெண்டு புதுப் பிள்ளைகளுக்குக் கரண்டி பிடிக்க நான்தான் சொல்லிக் கொடுக்கேன். அந்த வேலைக்கு ஒரு ரூமு. கதவு இருக்கு. மொத நாளு அதத் தெறந்தே வச்சிருந்தேன். காத்துல சாத்திக்கிடுச்சு, நான் சில்ல அடுக்கிக்கிட்டே இருந்துட்டேன்.

உன் கடிதத்தையெல்லாம் உன் மச்சான்கிட்ட கொடுத்துட்டேன். இனிமே என் பேருக்கே எழுது.

அக்கா மாரிசெல்வி


ஏழாயிரம்பண்ணை
23.11.2025

மாப்பிள பிரபாகரனுக்கு, ஊர்க்காவலன் எழுதுறது.

இங்க நாங்க சொகம். நீ சொகமா இருக்கணும். உன் அக்கா கடிதத்துக்கு ஒரு மாசமா நீ பதில் போடல. என்ன எழுதுறதுன்னு தெரியாம இருக்கேன்னு நெனைக்கேன். எனக்கும் தெரியல. ஆனாலும் எழுதுதேன். எழுத்து கோணலா இருக்கும்.

உன் கடிதம் பூராவும் வாசிச்சேன். முதுகுல லேபிள் ஒட்டினத வாசிச்சுட்டுச் சிரிச்சுட்டேன். என் மக செத்த பெறகு அவ செஞ்ச ஒண்ணுக்காக நான் சிரிச்சது அதான் மொதத் தடவை. பெறகு ஆலையில லோடு மேல உக்காந்து நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன். கூட இருக்குறவன் பயந்துட்டான்.

பதினெட்டு வருசமாச் சுண்ணாம்புக் கல்லோட கெடக்கேன். பூமிக்குள்ள கல்லு இருக்கும், மண்ணு இருக்கும்னுதான் எனக்குத் தெரியும். அன்னைக்குக் குப்புறப் படுத்துப் பாக்கேன், பதினாலு உறைக்குக் கீழ உன் அக்கா தண்ணியில நின்னு அண்ணாந்து சிரிக்கா. அவ சிரிச்சு எம்புட்டு நாளாச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல.

உன்மேல இருந்த கோவம் முழுசாப் போயிருச்சுன்னு எழுதினா பொய். அந்த ரூமுல மருந்து கூட இருந்தது உனக்குத் தெரியும். அத நான் மறக்க முடியாது, நீயும் மறக்கக்கூடாது. ஆனா திருப்பூருக்கு ஓடிப்போயி யாருக்கு என்ன ஆகப்போகுது? முத்துக்கருப்பன் வீடு, பாண்டிச்செல்வம் வீடு, அந்த மூணு பொம்பளைக வீடு, அஞ்சு வாசலுக்கும் நீ போகணும். செருப்பால அடிச்சாலும் நிக்கணும். தனியாப் போக வேண்டாம். நான் உன் கூட வாரேன். ஆறாவது வீட்டுக்காரன் கூட நின்னா கதவையாவது தெறப்பாங்க. பேசுறதும் பேசாததும் அவங்க இஷ்டம். முத்துக்கருப்பன் வீட்டுல முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன். அவன் பெஞ்சாதி நான் எந்திரிக்கும்போது ஒரு சொம்பு மோரு கொண்டாந்து வச்சா.

ரத்தினசாமி அண்ணாச்சிய விசாரிச்சதாச் சொல்லு. கெணத்துல இப்ப நாலு உறைக்குத் தண்ணி ஏறி நிக்கு. அவருக்குப் பரோல் கெடச்சா கூட்டிட்டு வா, நான் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

டிசம்பர் பதினஞ்சு காலையில பாளையங்கோட்டையில உங்க கேட்டுக்கு எதுக்க நான் நிப்பேன். உன் அக்காளும் வாரா, சண்முகத்தாயையும் பிள்ளைகளையும் சாத்தூர்ல ஏத்திக்கிடுதோம். என்னய அடையாளம் தெரியாமத் தாண்டிப் போயிராத. தலை பூராவும் நரைச்சுப்போச்சு.

உன் மச்சான்
ஊர்க்காவலன்